வெள்ளிப்பாறை விழுங்கல் நலச் சபை

வீரய்யாவுக்கு வாதம் அடித்துத் தொண்டை வேலை செய்யாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான், அது தோட்டத்தின் பிரச்சினை என்று தோட்டத்துக்குத் தெரியவந்தது. அதுவரை அது அம்மாக்கண்ணுவின் பிரச்சினையாக மட்டும் இருந்தது.

வெள்ளிப்பாறைத் தோட்டம் வட்டவளை ஸ்டேஷனுக்கு மேலே, மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை என்று கிடக்கும் தோட்டம். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களில் வீரய்யாவுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் வாய் ஒரு பக்கம் இழுத்து, வலது கை விழுந்த பின் அந்தப் பெயர் மட்டும் மிஞ்சியது. கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின. தொண்டைதான் திரும்பவில்லை. தேத்தண்ணி குடித்தால் மூக்கு வழியாக வரும். ஒரு பருக்கை வழி தவறிவிட்டால் அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் நாய் எழுந்து குரைக்கிற அளவுக்கு இருமுவார்.

அம்மாக்கண்ணு தன் பாட்டுக்கு ஒரு வழி வைத்திருந்தாள். ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்துக் குழைப்பாள். தேத்தண்ணியில் கொஞ்சம் கூழைக் கலந்து கெட்டியாக்குவாள். அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

மறுவருஷ மாரியம்மன் திருவிழாவில் துரைசானிக்கு முன்னால் வீரய்யாவுக்குப் பொங்கல் புரையேறியது. துரைசானி நல்ல மனுஷி. வெள்ளைக்காரியானாலும் கண் கலங்கிவிட்டாள். "இந்த மாதிரிக் கிழவன் கிழவி எத்தனை பேர்? நாம் என்ன செய்கிறோம்?" என்று துரையைக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்று துரையால் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒரு சபை அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே துரைசானி பிள்ளைகளின் படிப்புக்காகச் சீமைக்குக் கப்பலேறிப் போய்விட்டாள். தொடங்கியவர் போய்விட்டால் சபை நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சபைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இடையில் யாரும் அழாததால் அது இன்னும் மும்முரமாக நடந்தது.

துரை தலைவர். பெரிய கிளாக்கர் மயில்வாகனம் செயலாளர். தோட்டத்து டிஸ்பென்சரியைப் பார்க்கும் டாக்டரையா தம்பையா ஆலோசகர். இவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தோட்டத்தில் பேனா பிடிக்கும் வேலை பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. முதல் கூட்டம் முழுவதும் சபையின் பெயர் பற்றியே நடந்தது. 'முழுங்கல்' என்பது லயத்துப் பேச்சு, ஒரு சபைக்கு அது அழகல்ல என்றார் கிளாக்கர். 'விழுங்கல்' என்று முடிவாயிற்று. நடுவில் தேநீரும் கேக்கும் வந்தன. அங்கத்தவர்கள் எல்லாரும் சிரமமின்றி விழுங்கினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விழுங்க முடியாதவர்களெல்லாம் ஆபீசு வாசலுக்கு வரவேண்டும் என்று தமுக்கு அடித்தார்கள். அம்மாக்கண்ணு புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். வாசலில் மேசை போட்டிருந்தது. மேசை மேல் ஒரு தட்டு நிறையக் காய்ந்த ரொட்டி.

டாக்டரையா எழுந்து விளக்கினார்.

"விழுங்க ஏலாதெண்டு ஆரும் சொல்லலாம். நானும் சொல்லலாம். சொல்லுறதை வைச்சு நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது, பாருங்கோ. எங்களுக்கு முன்னால விழுங்க ஏலாமல் இருந்து காட்டவேணும்."

அம்மாக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, காஞ்ச ரொட்டியக் குடுத்தா இவங்க செத்துப் போயிருவாங்கய்யா!"

"அப்பிடி நடந்தால் அதைவிட நல்ல அத்தாட்சி வேற இல்லை" என்றார் கிளாக்கர் மிகவும் பொறுமையாக.

பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டபோது அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று சாட்சி கேட்டவர்களைப் பார்த்த ஜனங்கள்தான் அவர்கள். தொண்டைக்கும் சாட்சி கேட்பார்கள் என்பதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. வரிசையில் நின்றார்கள்.

வீரய்யா ஒரு துண்டு வாயில் வைத்தார். அது பாதி வழி போய் நின்றுகொண்டது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, அம்மாக்கண்ணு முதுகில் அறைந்து அறைந்து அதை வெளியே எடுப்பதற்குள் அவள் உயிர் போய் வந்தது. டாக்டரையா தலையசைத்தார். "மிகத் திருப்தி. முதல் தரம்."

அடுத்தது பொன்னையா. இவர் பழைய மட்டக்குதிரைக்காரர். துரையின் குதிரையைப் பார்த்தவர். இவருக்கும் தொண்டை அடைப்பு. ஆனால் துரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்ற மரியாதையில், கண்ணில் நீர் வழிய வழிய, கழுத்தை நீட்டி நீட்டி முழுத் துண்டையும் உள்ளே தள்ளிவிட்டார். "தகுதியில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் பெண்சாதி காளியாயி ஆபீசு வாசலில் உட்கார்ந்து போட்ட கூச்சலில் மறுவாரம் இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். அந்தத் தரம் பொன்னையாவுக்கு மயக்கமே வந்தது. அவரும் முதல் தரம்.

இந்தக் காளியாயியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவள் வீரய்யாவின் மாமன் மகள். முறைப்பெண். வீரய்யாவுக்கு அவள்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பாக்கு வெற்றிலை மாற்றும் நேரத்தில் பெரியவர்கள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டதால் அம்மாக்கண்ணு வந்து சேர்ந்தாள். அது நடந்து பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. ஆனாலும் காளியாயி வீரய்யாவை "மச்சான்" என்று கூப்பிடும்போதெல்லாம் அம்மாக்கண்ணுவின் வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுவது போல இருக்கும். அந்த வார்த்தையை அவள் அநாவசியமாக இழுக்கிறாள் என்பது அம்மாக்கண்ணுவின் எண்ணம். "மச்சா...ன்" என்று. எல்லாரும் சொல்வது போல மச்சான் என்று வெட்டிச் சொன்னால் என்ன?

தேறியவர்களுக்கெல்லாம் மத்தியானச் சாப்பாடு பிள்ளைக்காம்பராவில் என்று சபை தீர்மானித்தது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே ஏற்கெனவே சின்னப் பெஞ்சுகள் இருந்ததால் புதிய பெஞ்சு வாங்க வேண்டியதில்லை. கிழவர்களும் கிழவிகளும் முழங்கால் தாடையைத் தொட அவற்றில் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் ஏணைத் தொட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தன.

சாப்பாடு அரிசிக் கஞ்சி. நன்றாக வடிகட்டி, உப்புக் குறைத்து, எந்த ருசியும் தவறி உள்ளே வந்துவிடாதபடி டாக்டரையாவே மேற்பார்த்துக் காய்ச்சியது. ஊட்டுகிற முறையும் இருந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணி இங்கேயும் ஒரு விசிலோடு நடுவில் நிற்பார்.

"வாயத் தொற!" விசில். "வையி!" விசில். "மூடு!" விசில். "முழுங்கு!"

இருபது வாயும் ஒரே சமயத்தில் விழுங்க வேண்டும். பிந்தி விழுங்கினவர்களுக்குக் கங்காணி பழக்கதோஷத்தில் "அரைப்பேர்!" என்று கத்துவார். கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் பேர்தான் போடுவார்கள் அல்லவா, அது போல. வாழ்நாள் முழுக்க அரைப்பேருக்குப் பயந்து வாழ்ந்த கிழவிகள் அந்தச் சத்தம் கேட்டதும் பதறி விழுங்கி, புரையேறி, மறுபடி அரைப்பேர் வாங்கினார்கள்.

ஆரம்பத்தில் அவரவர் வீட்டார்தான் ஊட்டினார்கள். அதுதான் குழப்பத்துக்குக் காரணமாயிற்று. பெண்சாதிமார் விசிலுக்குக் காத்திருக்கவில்லை. மடியில் மறைத்துக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கஞ்சியில் கலந்தார்கள். ஒருத்தி தன் புருஷனுக்கு விசிலே வேண்டாம், அவர் முழுங்கும்போது கழுத்தைப் பார்த்தாலே தெரியும் என்று கங்காணியிடம் வாதாடினாள். கிளாக்கர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டினார்.

"இங்கை பெரிய ஒழுங்கீனம் நடக்குது. ஊட்டுறவை பாசத்தில ஊட்டுகினம். பாசம் எண்டது ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். ஒருத்தருக்குக் கூடப் பாசம், ஒருத்தருக்குக் குறையப் பாசம் எண்டால் சபையின்ரை நியாயம் என்னாகிறது? ஆனபடியால், நாளையிலயிருந்து சொந்தக்காரர் சொந்தக்காரருக்கு ஊட்டக்கூடாது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தத் தோட்டத்தில் யாருக்கு யார் சொந்தமில்லை? ஒரே கப்பலில் ராமேசுவரத்துப் பக்கமிருந்து வந்த நாலைந்து குடும்பங்கள்தான் கிளை பிரிந்து எல்லா லயத்தையும் நிரப்பியிருந்தன. கிளாக்கர் அதையும் யோசித்து வைத்திருந்தார். சொந்தம் என்றால் ஒரே காம்பராவில், அதாவது லயத்தின் ஒரே அறையில், வசிப்பவர்கள். வேறு காம்பராவில் இருந்தால் அந்நியர். அவ்வளவுதான்.

மறுநாள் கங்காணி ஆட்களைப் பிரித்தார். ஊட்டுகிறவர்கள் ஊட்டும்போது சாப்பிடக் கூடாது என்றும் சொன்னார். அம்மாக்கண்ணு பொன்னையாவுக்கு ஊட்ட வேண்டும். வீரய்யாவுக்கு ஊட்ட வேண்டியவள் காளியாயி.

அம்மாக்கண்ணு முதலில் தன் காதில் விழுந்தது சரியா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். சரிதான் என்று தெரிந்ததும் அவளுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

"அய்யா, அவ இவங்களோட மாமன் மக. அதவிட என்னங்கய்யா சொந்தம்?"

"ஒரே காம்பராவிலயா இருக்கினம்?" என்று கேட்டார் கிளாக்கர்.

"இல்லீங்க."

"அப்ப அந்நியர்."

பொன்னையாவின் எதிரில் உட்கார்ந்து கரண்டியைக் கையில் பிடித்தபடி அம்மாக்கண்ணு பார்த்ததெல்லாம் எதிர் வரிசையைத்தான். காளியாயி வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் வீரய்யாவின் முகத்துக்கு நேராக இருந்தது. அம்மாக்கண்ணு ஒரு நாளும் அப்படி உட்கார்ந்ததில்லை; நின்றபடியே, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் கோழியிலும் வைத்து, "முழுங்குங்க, எனக்கு வேல கெடக்கு" என்று சொல்லித்தான் ஊட்டுவாள். காளியாயிக்கு வேலை ஒன்றும் கிடக்கவில்லை போலிருக்கிறது. கரண்டியில் கொஞ்சமாக எடுத்தாள். "மச்சா...ன், தலையக் கீழ குனிங்க. ஆங், அப்புடித்தான்" என்றாள். வைத்தாள். பிறகு அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். கங்காணி "அரைப்பேர்!" என்று கத்தினார். காளியாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் விழுங்கி முடித்ததும் முந்தானை நுனியால் அவர் வாயோரம் துடைத்துவிட்டாள்.

முந்தானையால்!

வீரய்யா சட்டி முழுவதையும் குடித்தார். ஒரு தரம்கூட இருமவில்லை.

"தங்கச்சி, எனக்குப் பசிக்குது" என்றார் பொன்னையா ஈனமாக. கரண்டி அவர் வாய்க்கு எதிரே வெகுநேரமாக அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

 அன்று வீடு திரும்பும்போது, படியில் ஏற்றுகையில், அம்மாக்கண்ணு வழக்கத்தைவிட இறுக்கமாக வீரய்யாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவா புள்ள" என்றார் வீரய்யா. வாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சு சேற்றில் நடப்பது போல ஒவ்வொரு வார்த்தையாக வரும்.

"ஏன், அவ மாதிரி மெதுவா எனக்குத் தெரியாதோ?"

வீரய்யா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் வாயின் நல்ல பக்கம் லேசாக மேலே ஏறியது. சிரிக்கிறாரா, வாதம் இழுக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாதது அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

மறுநாளிலிருந்து அவள் பழிவாங்க ஆரம்பித்தாள். எதிர் வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "வாங்கண்ணே, என் ராசால்ல, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று பொன்னையாவுக்குக் கொஞ்சிக் கொஞ்சி ஊட்டினாள். தன் முந்தானையாலும் துடைத்தாள். ஒரு பங்கு கூடவே துடைத்தாள். பொன்னையாவின் மேலுதடு சிவந்து போயிற்று. அந்த மனுஷன் மிரண்டு போய்த் தன் பெண்சாதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். காளியாயி பொறாமைப்படுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் போகும்போது அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்க்கா. வீட்டுல எங்கிட்ட இந்த மனுசன் வாயே தொறக்க மாட்டாரு. நீங்கன்னா கப்புனு தொறக்குறாரு."

பொறாமைப்பட மறுக்கிறவளைப் போல ஒரு எதிரி உலகத்தில் இல்லை. அம்மாக்கண்ணுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குள் சபை காளியாயியைக் கவனித்துவிட்டது. வீரய்யாவின் கன்னம் கொஞ்சம் பூரித்திருப்பதைப் பார்த்து டாக்டரையா அது கஞ்சியின் மகிமை என்றார், கிளாக்கர் அது விதியின் மகிமை என்றார், கங்காணி விசிலை உயர்த்திக் காட்டினார். கடைசியில் காளியாயிக்குத் தகரத்தில் வெட்டிய ஒரு வில்லை கொடுத்தார்கள். 'முதல் தர ஊட்டுநர்' என்று அதில் எழுதியிருந்தது. காளியாயிக்குப் படிக்கத் தெரியாது. குத்திக்கொண்டு போனாள். அது வெயிலில் மின்னி அம்மாக்கண்ணுவின் கண்ணையே தேடித் தேடிக் குத்தியது.

அவள் ஆபீசுக்குப் போனாள்.

"அய்யா, எம் புருசனுக்கு நானே ஊட்டணும்."

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மாக்கண்ணு, நான் சொல்லுறதை வடிவாக் கேளும். உமக்கு அவரில அன்பு. அதை நான் மறுக்கேல்லை. ஆனால் அன்பை எந்தத் தராசில நிறுக்கிறது? நிறுக்க ஏலாத சாமானை நான் ஸ்டோருக்குள்ள எடுக்கிறேல்லை. நான் முப்பது வருஷமாய் இந்தத் தோட்டத்தில கணக்குப் பார்க்கிறன். ஒருத்தரிலயும் அன்பு வைச்சதில்லை. ஒரு சதம் பிசகினதுமில்லை."

"வேற வழியே இல்லீங்களா?"

கிளாக்கர் யோசித்தார். அவர் கொடியவர் அல்ல. விதிக்குள் ஒரு வழி இருந்தால் அதைக் காட்டாமல் விடமாட்டார். "நீர் அந்தக் காம்பராவில இருக்கிறபடியால்தான் சொந்தம். வேற காம்பராவுக்குப் போனால் அந்நியர். அந்நியர் ஊட்டலாம்."

அம்மாக்கண்ணு அன்று மாலையே தன் சீலை இரண்டையும் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு மேல் லயத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். கல்யாணமாகி வந்த காம்பராவை விட்டு, புருஷனுக்குச் சோறு ஊட்டுவதற்காகப் புருஷனைப் பிரிந்து போன முதல் பெண்சாதி அவளாகத்தான் இருக்க வேண்டும். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"எங்க போற?" என்றார் வீரய்யா.

"அந்நியமாகப் போறேன்" என்றாள்.

மறுநாள் காலை கிளாக்கரிடம் போய், தான் அந்நியமாகிவிட்டதை அறிவித்தாள். கிளாக்கர் பாராட்டினார். அவசரக் கூட்டம் கூடியது. அதில் டாக்டரையா ஒரு முக்கியமான கேள்வி கேட்டார்: அம்மாக்கண்ணு போய்விட்டபடியால் வீரய்யா காம்பராவில் தனியாக அல்லவா இருக்கிறார்? காலையிலும் இரவிலும் அவரை யார் பார்ப்பது? சபையின் முதல் தர நோயாளி ஒருவர் கவனிப்பாரின்றிக் கிடந்தால் சபைக்கு என்ன மரியாதை? அங்கத்தவர்கள் மிகவும் கவலைப்பட்டார்கள். பகலில் ஊட்டுவதற்கு அம்மாக்கண்ணுவின் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது என்றும், அதுவரை வீரய்யாவின் காம்பராவைக் காலையும் மாலையும் பார்த்துக்கொள்ள முதல் தர ஊட்டுநர் காளியாயியை நியமிப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

தகவல் மேல் லயத்துக்கு எட்டியபோது அம்மாக்கண்ணு தங்கை வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாதித் தேங்காயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பை கூட எடுக்கவில்லை. காளியாயி தன் வாசலில் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் அம்மாக்கண்ணு தன் காம்பராவுக்குள் புகுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"வந்துட்டியா?" என்றார் வீரய்யா. "அந்நியம் ஆவலையா?"

"பேசாதீங்க" என்றாள்.

அம்மாக்கண்ணு மறுபடி சொந்தமாகிவிட்டபடியால், பிள்ளைக்காம்பராவில் பழையபடி காளியாயியே வீரய்யாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த நிலைமையில்தான் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார் என்ற செய்தி வந்தது. மலைநாட்டில் வேறெந்தத் தோட்டத்திலும் இல்லாத சபை என்பதால் அவர் நேரில் பார்க்க விரும்பினாராம். பிள்ளைக்காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். குழந்தைகளை அன்றைக்கு வேறிடத்தில் வைத்தார்கள். கிழவர்களுக்கெல்லாம் துவைத்த வெள்ளைத் துண்டு கழுத்தில் கட்டப்பட்டது. புகைப்படக்காரர் ஒருவர் அட்டன் டவுனிலிருந்து கறுப்புத் துணியும் பெட்டியுமாக வந்தார். கஞ்சியைக் காலையிலேயே காய்ச்சிச் சட்டி சட்டியாக எல்லார் முன்னாலும் வைத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் அல்லவா.

பெரிய துரை வந்தபோது உச்சி வெயில். பேச்சுகள் தொடங்கின.

தோட்டத்துத் துரை தமிழிலேயே பேசினார். "நம்ம தோட்டம் கிழவன் கிழவி எல்லாம் நல்லா முழுங்கு. முழுங்கு ரொம்ப நல்ல பழக்கம். நான் முழுங்கு. கம்பெனி முழுங்கு. இந்தக் கம்பெனி இந்த மலையில நூறு வருஷம் முழுங்கு. ஒரு நாள் புரை ஏறல்ல!"

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் மனதாரத்தான் சொன்னார்.

டாக்டரையா பேசினார். தன்னுடைய கஞ்சியில் இதுவரை ஒருவரும் ருசி இருப்பதாகக் குற்றம் சொன்னதில்லை என்றார். கிளாக்கர் பேசினார். தோட்டத்தில் விழுங்க முடியாதவர்களின் தொகை சபை தொடங்கியபின் பெருகியிருப்பது சபையின் வெற்றியைக் காட்டுகிறது என்றார். பெரிய துரை எழுந்து இங்கிலீசில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கிளாக்கர் வெகுநேரம் மொழிபெயர்த்தார்.

கிழவர்கள் வாய் திறந்து காத்திருந்தார்கள். சட்டியில் கஞ்சி முதலில் ஏடு கட்டியது. பிறகு இறுகியது. கடைசியில் சட்டியைக் கவிழ்த்தால் சட்டியின் உருவத்திலேயே நிற்கும் போலாயிற்று.

"ஐயா, இது கட்டியாப் போச்சுங்க. கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் கரைக்கணும்" என்றாள் காளியாயி.

"படம் எடுக்கிற நேரத்தில சுடுதண்ணியோ?" என்றார் கிளாக்கர்.

விசில் ஒலித்தது. "வாயத் தொற! வையி! மூடு!" புகைப்படக்காரர் துணிக்குள் தலையை நுழைத்தார். "அசையக் கூடாது" என்றார். "முழுங்கு!" என்றார் கங்காணி.

வீரய்யாவுக்கு அது போகவில்லை. வெளியிலும் வரவில்லை. இருமல் சத்தமே எழவில்லை; அதுதான் பயங்கரம். முகம் நீலம் பாய்ந்தது. இடது கை மட்டும் காற்றில் எதையோ தேடியது.

"அசையக் கூடாது!" என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

காளியாயி கரண்டியை வீசியெறிந்தாள். "அக்கா! அக்கா, ஓடியாங்க! எனக்குப் பயமா இருக்கு, ஒங்களுக்குத்தான் தெரியும்!"

அம்மாக்கண்ணு எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. பெஞ்சு கவிழ்ந்தது. அவர் மார்பைத் தன் முன்கையில் தாங்கி முன்னால் கவிழ்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். காளியாயி எதிரில் மண்டியிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, "துப்புங்க மச்சான், துப்புங்க" என்று கதறினாள். அந்த "மச்சான்" இழுபடாமல் வெட்டித்தான் வந்தது. இரண்டு பெண்களும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற மாதிரி அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உருண்டையாக ஒன்று வெளியே வந்து பெரிய துரையின் சப்பாத்துக் காலின் மேல் விழுந்தது. வீரய்யா பெரிதாக மூச்சை இழுத்தார். அதன் பிறகுதான் இருமினார். அம்மாக்கண்ணுவுக்கு அந்த இருமலைவிட இனிமையான சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை.

பெரிய துரை சப்பாத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கிளாக்கர் குனிந்து பதில் சொன்னார். பெரிய துரை மிகவும் நெகிழ்ந்து போய் வீரய்யாவைப் பார்த்துத் தலையசைத்தார். நோயாளி நன்றி தெரிவிக்கிறார் என்று கிளாக்கர் சொன்னாராம்.

கூட்டம் கலைந்த பின் சபை தீர்ப்புச் சொன்னது. உட்கொண்ட உணவை விசில் இல்லாமல் வெளியே எடுத்தது பெரிய குற்றம். காளியாயியின் வில்லை பறிக்கப்பட்டது. அம்மாக்கண்ணு தன் காம்பராவில் வசிக்கும் ஒருவரைத் தொட்டதால் சொந்தக்காரர் விதியை மீறியவள். வீரய்யாவை என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் சிக்கல் இருந்தது. அவரை விலக்கினால் சபை தோற்றதாகும். ஆகவே அவர் பூரண குணமடைந்துவிட்டார் என்று அறிவித்து, இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். பூரண குணமடைந்தவரைப் பொன்னையாவின் மருமகனும் இன்னொருவனும் கம்பளியில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

காளியாயி வாசல் வரை கூடவே வந்தாள். உள்ளே வரவில்லை. "அக்கா, கோழி அடிச்சிருக்கேன். கொஞ்சம் சாறு அனுப்புறேன். மச்சானுக்கு... இவங்களுக்குக் குடுங்க" என்றாள். அம்மாக்கண்ணு "சரி" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்லவே அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கதவை அவள் முகத்தில் சாத்தவில்லை.

சாறு வந்தது. மிளகு போட்டு, மணக்க மணக்க இருந்தது. அம்மாக்கண்ணு அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, கையாலேயே மசித்தாள். முதல் நாள் காளியாயி செய்தது போலவே அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது காளியாயி உட்கார்ந்த மாதிரி என்று உறைத்தது. எழுந்துவிடலாமா என்று இருந்தது. எழவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க" என்றாள். "அவ கையில மட்டும் எப்புடி அப்புடி எறங்குச்சு?"

வீரய்யா வெகுநேரம் வார்த்தை தேடினார். "அவ... அவசரப்படல."

"நான் அவசரப்பட்டேனா?"

"ஒனக்கு... வேல."

அவள் கரண்டியை எடுத்தாள். ஒரு வாய் வைத்தாள். தலையைக் குனியச் சொன்னாள். பிறகு அடுப்பைப் பார்க்காமல், வாசலைப் பார்க்காமல், சுருக்கம் விழுந்த அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மேலே ஏறி, தயங்கி, கீழே இறங்கியது. இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

இன்னொரு வாய் கொண்டுபோனபோது அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஏன்? நல்லா இல்லையா? அவ வச்ச சாறுதானே, அதுகூடப் புடிக்கலையா?"

"நீ சாப்புடு."

"நான் அப்புறமாச் சாப்புடுறேன்."

"அவளும்... சாப்புடல. நான் மட்டும்... தின்னுக்கிட்டே இருப்பேன். எல்லாரும்... பாத்துக்கிட்டே இருப்பாங்க." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "கோயில் மாட்டுக்கு... வைக்கிற மாதிரி."

அம்மாக்கண்ணு கரண்டியைத் தாழ்த்தினாள். "ஆமா, அவ ஒரு நாளும் கூடச் சாப்புட்டதில்லைல்ல?"

"இல்ல. ஊட்டுறவங்க... சாப்புடக் கூடாதுன்னு... சட்டம்."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. எழுந்து போய்த் தன் தட்டை எடுத்து வந்தாள். மிச்சச் சாற்றை அதில் ஊற்றிக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள். காளியாயி கை ருசி கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. அதை அவள் வெளியில் சொல்லவில்லை.

வீரய்யா வாயைத் திறந்தார். அவள் ஒரு வாய் வைத்தாள். தான் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். மெல்லாமல் காத்திருந்தாள். இருவரும் ஒன்றாக விழுங்கினார்கள்.